இரண்டு லேண்ட்லைன், ஒரே கார்ட்லெஸ்: புதுச்சேரி வீடு ஒன்றில் அமைத்த விதம்

வீடு முத்தியால்பேட்டைப் பக்கம். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய கட்டடம், பின்னால் எழுப்பிய கான்கிரீட் மாடி. முன்கட்டில் வரிக்கணக்கு பார்க்கும் அலுவலகம், நடுவில் முற்றம், பின்கட்டும் மாடியும் குடியிருப்பு. லேண்ட்லைன் இரண்டு. ஒன்று பிஎஸ்என்எல் ஃபைபரில் ஏறிய பழைய 0413 எண். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை எல்லோருக்கும் மனப்பாடம், அதை விட முடியாது. மற்றது இன்னொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்போடு சேர்ந்து வந்த எண், அலுவலகத்துக்கு. கேட்டது இவ்வளவுதான்: எந்த ஹேண்ட்செட்டிலும் இரண்டு லைனும் அடிக்க வேண்டும், அடிப்பது எந்த லைன் என்று தெரிய வேண்டும், முன்கட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடியில் வேறொருவர் மற்ற லைனில் பேச முடிய வேண்டும்.

இணையத்தில் 'டூ லைன் கார்ட்லெஸ்' என்று தேடினால் முதலில் வருபவை பானசோனிக் கேஎக்ஸ்-டிஜி9541, 9582, விடெக் டிஎஸ்6151, ஏடி அண்ட் டி டிஎல்86103 மாதிரியான செட்டுகள். நல்ல செட்டுகள்தான், ஒரே பேஸில் (ஹேண்ட்செட்டுகளோடு அலையில் பேசும் நிலையான பெட்டி) இரண்டு லைன் செருகலாம். ஆனால் எல்லாம் அமெரிக்காவுக்குச் செய்தவை. அங்கே 'டெக்ட் 6.0' என்ற பெயரில் ஓடும் கார்ட்லெஸ் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. இந்தியாவில் அந்த இடம் கைபேசி கோபுரங்களுக்கு உரிய 2100 பேண்டில், போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் அலைவரிசைக்குள் விழுகிறது. பேஸை ஆன் செய்தால் தெருவில் இருப்பவர்களின் சிக்னலில் இரைச்சல் ஏறும். அதனால் இங்கே அதற்கு அனுமதி இல்லை. இந்தியாவில் விற்கும் டெக்ட் செட்டுகள் ஐரோப்பிய முறைப்படி 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. (1990களில் ஐஐடி மெட்ராஸில் உருவான கோர்டெக்ட் கிராமத் தொலைபேசியும் இதே பட்டையில்தான் ஓடியது.) இது போக, அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனது; நம் 230-இல் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் அடாப்டர் பிழைக்கும், அலைவரிசைப் பிரச்சினை அப்படியே இருக்கும். ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் மருமகனிடம் சாக்லேட் மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பிரான்சிலிருந்து கொண்டுவரும் செட் வேறு கதை. அலைவரிசை ஒன்றே, அடாப்டரும் 230 வோல்ட். சுவரில் செருகும் முனைதான் டி வடிவத்தில் இருக்கும், அது நம் ரோசட்டில் (சுவரில் உள்ள போன் பெட்டி) போகாது. பேஸ் பக்கம் ஆர்ஜே11 முனை இருந்தால் இங்கே கிடைக்கும் சாதாரண லைன் கார்டை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றும் முன் மல்ட்டிமீட்டரால் பழைய கார்டைத் தொட்டுப் பாருங்கள்: லைன் நடு இரண்டு ஊசிகளில் வருகிறதா, அதற்கு வெளியே உள்ள இரண்டிலா? ஐரோப்பியக் கார்டுகளில் இரண்டு விதமும் உண்டு. மாறிப்போனால் எதுவும் எரியாது, டயல் டோன் வராது, அவ்வளவுதான்.

ஒரே பேஸில் இரண்டு அனலாக் லைன் வாங்கும் ஐரோப்பிய அலைவரிசை செட் வீட்டுச் சந்தையில் அரிது. அதைத் தேடி அலைவதைவிட, இரண்டு லைனையும் ஒரு பெட்டியில் சேர்த்துவிட்டு, அந்தப் பெட்டிக்குப் பின்னால் சாதாரண டெக்ட் போட்டுக்கொள்வதுதான் வேலை ஆகும் வழி. எந்தப் பெட்டி என்பதை ஒரே கேள்வி தீர்மானிக்கும்: ஒரே நேரத்தில் கார்ட்லெஸ்ஸில் எத்தனை பேர் பேச வேண்டும்?

ஒருவர் பேசினால் போதும் என்றால் சின்ன இண்டர்காம் பெட்டி போதும். இரண்டு அல்லது மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன் உள்ள ஈபிஏபிஎக்ஸ், லாட்ஜுகளிலும் கிளினிக்குகளிலும் சுவரில் மாட்டியிருப்பது. ஒரு எக்ஸ்டென்ஷனில் கார்ட்லெஸ் பேஸ், இன்னொன்றில் வயர் போன். வெளியே பேச 0 அல்லது 9 அமுக்கி லைன் எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் எல்லை கார்ட்லெஸ் பேஸில்தான்: ஆறு ஹேண்ட்செட் பதிந்தாலும் ஒற்றை லைன் பேஸ் வெளியே ஒரு அழைப்பைத்தான் தாங்கும். இரண்டு எக்ஸ்டென்ஷனில் இரண்டு பேஸ் வைத்தால் இரண்டு பேர் பேசலாம். ஜிகாசெட் ஹேண்ட்செட்டை நான்கு பேஸ் வரை பதியலாம் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு நேரத்தில் அது ஒரு பேஸோடு மட்டும்தான் இருக்கும், மற்ற பேஸில் அழைப்பு வந்தால் அதற்குத் தெரியாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டும், ஒவ்வொரு ஹேண்ட்செட்டிலும் இரண்டு லைனும் வர வேண்டும் என்றால் சிப் (SIP, நெட்வொர்க் வழியே போன் பேசும் முறை) டெக்ட் பேஸ்தான் சரி. கிராண்ட்ஸ்ட்ரீம் டிபி752, யீலிங்க் டபிள்யூ70பி போன்றவை. டிபி752-இல் ஐந்து ஹேண்ட்செட், பத்து சிப் கணக்கு, ஒரே நேரத்தில் ஐந்து அழைப்பு. வாங்கும்போது ஐரோப்பிய அலைவரிசைப் பதிப்புதானா என்று பெட்டியின் பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள். இவை நெட்வொர்க் கேபிளில் ஓடும், லைன் வயர் செருக இடம் இருக்காது. அந்த இடத்தை நிரப்புவது லைனை நெட்வொர்க்குக்குள் கொண்டுவரும் கேட்வே: கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813. அதில் லைன் வாங்கும் வாய் ஒன்று (எஃப்எக்ஸ்ஓ), போன் செருகும் வாய் ஒன்று (எஃப்எக்ஸ்எஸ்). இரண்டு லைனுக்கு இரண்டு எச்டி813. லைன் மூன்று நான்கு ஆகும் என்றால் எச்டி841 ஒன்றே போதும், அதில் லைன் வாய் நான்கு. வாங்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: எச்டி812, 802 போன்றவற்றில் இருப்பவை இரண்டுமே போன் வாய்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லைன் வாங்காது.

சிப் விவரத்தை ஃபைபர்காரரிடமே வாங்கி பேஸில் நேராகப் போட்டால் கேட்வேயே வேண்டாமே என்று தோன்றும். விவரம் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலும் கடவுச்சொல்லை ஓஎன்டிக்குள் (ஃபைபர் வந்து முடியும் வீட்டுப் பெட்டி) எழுதி மூடிவிடுவார்கள், வெளியே வருவது ஆர்ஜே11 வாய் மட்டும்.

இந்த வீட்டில் போட்டது: டிபி752 ஒன்று, ஹேண்ட்செட் நான்கு, எச்டி813 இரண்டு, ஐந்து வாய் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று, கேட் 6 கேபிள் 40 மீட்டர், ரோசட் நான்கு, ஜெல் உள்ள ஸ்காட்ச்லாக் இணைப்பான் ஒரு பாக்கெட், வயர் போன் ஒன்று.

வயரிங்

தாமிர லைன் இருந்த வீட்டில் செய்யும் முதல் வேலை, தூணிலிருந்து வரும் பழைய டிராப் வயரை வீட்டு வயரிங்கிலிருந்து வெட்டிப் பிரிப்பது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் அந்த ஜோடியில் இன்னும் 48 வோல்ட் உயிரோடு இருக்கலாம்; ஓஎன்டியின் போன் வாயும் தன் பங்குக்கு அதே அளவு வோல்ட்டை வெளியே தள்ளும். இரண்டும் ஒரே ரோசட்டில் சந்தித்தால் ஓஎன்டியின் போன் பகுதி போய்விடும். இணையம் நன்றாக ஓடும், டயல் டோன் மட்டும் செத்திருக்கும். ஓஎன்டியையே மாற்ற வேண்டிவரும். வெட்டிய முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, ரோசட்டுக்கு வெளியே ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு மீட்டர் வைக்கும் வேலை. ஓஎன்டி வாயில் போன் எடுக்காதபோது 40 முதல் 50 வோல்ட் டிசி, போனை எடுத்தால் 6 முதல் 10 வரை இறங்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 25 ஹெர்ட்ஸ் ஏசி ஏறும், 50 வோல்ட்டைத் தாண்டும், ஈரக்கையில் பட்டால் சுண்டும். கம்பியை உரிக்கும்போது அந்த எண்ணுக்கு யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஓஎன்டியை அணைத்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் சுவரோரம் ஆணி அடித்து ஓட்டிய தட்டை வயரில் நான்கு கம்பி இருக்கும். நடு இரண்டில் லைன் ஒன்று, வெளி இரண்டில் லைன் இரண்டு என்று அதையே பயன்படுத்தத் தோன்றும். வேண்டாம். முறுக்கில்லாத கம்பியில் இரண்டு லைன் பத்துப் பதினைந்து மீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒரு லைனில் பேசுவது மற்றதில் முணுமுணுப்பாகக் கேட்கும். வரிக்கணக்கு அலுவலகத்தில் அது நல்லதில்லை. கேட் 6 கேபிளில் நீல ஜோடி லைன் ஒன்று, ஆரஞ்சு ஜோடி லைன் இரண்டு. முறுக்கைத் திருகுக்கு ஓர் அங்குலம் முன்பு வரை பிரிக்காமல் கொண்டுவாருங்கள்.

பழைய வயரை எடுக்க முடியாத இடத்தில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். இரண்டு முனையையும் எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, தூர முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, இந்த முனையில் ஓம் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் தாமிரக் கம்பி 30 மீட்டருக்குப் போய்வரும் தடை சுமார் 5 ஓம். 6, 7 காட்டினால் பரவாயில்லை. 40, 50 காட்டினாலோ வயரை அசைக்கும்போது எண் ஆடினாலோ நடுவில் எங்கோ ஒரு ஜாயின்ட் அரித்திருக்கிறது. அடுத்து, முறுக்கிய முனையைப் பிரித்துவிட்டு மறுபடி ஓம் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஈரம் ஏறிய வயர், தூக்கிப் போடுங்கள்.

கடற்கரையிலிருந்து இந்தத் தூரத்தில் உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ரோசட் ஒன்றைத் திறந்தால் பித்தளைத் திருகைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருக்கும். கம்பி திருகுக்குள் இறுக்கமாகத்தான் இருக்கும், இழுத்தால் வராது. ஆனால் தொடும் பரப்பில் பச்சை ஏறிவிட்டதால் லைன் கரகரவென்று இழுக்கும், காலையில் ஈரம் இருக்கும்போது அதிகமாக, வெயில் ஏறினால் குறைவாக. மதியம் வந்து பார்த்த ஆள் 'லைன் நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவதற்குக் காரணம் இதுதான். பச்சை ஏறிய கம்பியைச் சுரண்டிப் பயன்படுத்தக் கூடாது. அரை அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து, ஜெல் உள்ள ஸ்காட்ச்லாக்கில் போட்டுக் குறடால் அழுத்த வேண்டும். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் முற்றத்துப் பக்கம் இரண்டு மழைக்குத் தாங்காது.

நெட்வொர்க்கும் அமைப்பும்

இரண்டு ஓஎன்டி இருக்கும் வீட்டில் இரண்டின் நெட்வொர்க் வாய்களையும் ஒரே சுவிட்ச்சில் செருகிவிடாதீர்கள். இரண்டும் போட்டி போட்டு ஐபி கொடுக்கும், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். பேஸ், இரண்டு எச்டி813 மூன்றும் ஒரு ஓஎன்டியின் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கட்டும். மற்ற ஓஎன்டியிலிருந்து போன் வயர் மட்டும் வந்தால் போதும்.

மூன்றுக்கும் நிலையான ஐபி கொடுங்கள்: பேஸ் 192.168.1.20, முதல் எச்டி813க்கு 21, இரண்டாவதுக்கு 22. எச்டி813-இன் வலைப்பக்கம் திறக்கவில்லை என்றால் அதன் போன் வாயில் ஒரு வயர் போனைச் செருகி, நட்சத்திரத்தை மூன்று முறை அமுக்குங்கள். குரல் மெனு வரும். 02 அமுக்கினால் ஐபி சொல்லும். 12 என்பது வேன் (WAN) வாய் வழியே வலைப்பக்கத்தைத் திறக்கும் தேர்வு. புதிய பெட்டிகளில் கடவுச்சொல் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

நடுவில் சர்வர் எதுவும் தேவையில்லை. பேஸில் இரண்டு சிப் கணக்கு, ஒவ்வொன்றும் தனித்தனி புரொஃபைலில். முதல் கணக்கின் சர்வர் முகவரி 192.168.1.21, போர்ட் 5062; இரண்டாவது 192.168.1.22, அதே 5062. எச்டி813-இல் போன் வாய்க்கு 5060, லைன் வாய்க்கு 5062 என்பது வந்தபடியே உள்ள அமைப்பு. 5060 என்று போட்டுவிட்டு ஏன் வயர் போன் அடிக்கிறது என்று திகைப்பவர்கள் உண்டு. பதிவு செய்யும் தேர்வு இரு பக்கமும் 'இல்லை', பதிவு இல்லாமல் வெளியே அழைப்பது 'ஆம்'. எச்டி813-இன் எஃப்எக்ஸ்ஓ பக்கத்தில், லைனில் வரும் அழைப்பை நிபந்தனையின்றி நெட்வொர்க் பக்கத்துக்கு (VoIP) அனுப்பும் இடத்தில் பேஸின் ஐபியையும் அந்தக் கணக்கின் போர்ட்டையும் எழுதுங்கள். டயல் முறை ஒரே கட்டம். இது இரண்டு கட்டமாக இருந்தால், எண்ணை அமுக்கிய பிறகு மறுபடி டயல் டோன் வந்து மறுபடி அமுக்கச் சொல்லும். லைன் மணியைப் போன் வாய்க்குக் கடத்தும் தேர்வை நிறுத்துங்கள். குரல் கோடெக் வரிசையில் முதலில் ஜி.711 ஏ-லா. டிடிஎம்எஃப் (பொத்தான் ஒலி) அனுப்பும் முறை ஆர்எஃப்சி2833, இல்லாவிட்டால் வங்கி, கேஸ் புக்கிங் மெனுக்களில் 1 அமுக்கினால் ஏறாது.

எத்தனை முறை மணி அடித்த பிறகு லைனை எடுப்பது என்ற எண் வந்தபடி 4. அதை 2 ஆக்குங்கள். 1 வைத்தால் சில இடங்களில் அழைப்பவர் எண் வருவதற்கு முன்பே எடுத்துவிடும். இந்தியாவில் அழைப்பவர் எண் டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என்று இரண்டு விதமாக வருவதுண்டு. ஃபைபரில் அதைத் தீர்மானிப்பது ஓஎன்டியின் அமைப்பு. எச்டி813-இல் அழைப்பவர் எண் முறைகளை ஒவ்வொன்றாக மாற்றி, கைபேசியிலிருந்து அடித்துப் பாருங்கள், ஒன்று பொருந்தும். சோதிக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: யாரும் எடுப்பதற்கு முன்பே கைபேசியில் நேரம் ஓடத் தொடங்குகிறதா? லைன் கேட்வேக்களில் இது சகஜம், பெட்டி லைனை எடுத்த பிறகுதான் உள்ளே மணியடிக்கும். 'மிஸ்டு கால் கொடு' என்று சொல்லிப் பழகிய வீடுகளில் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

எல்லோரையும் ஒருமுறையாவது படுத்தும் விஷயம் லைன் விடாமல் பிடித்துக்கொள்வது. மறுமுனை வைத்துவிடும். ஆனால் எச்டி813 அதை அறியாமல் லைனைத் திறந்தே வைத்திருக்கும், அடுத்து அடிப்பவர்களுக்கெல்லாம் பிஸி. காரணம் எளிது. வைத்துவிட்டார்கள் என்பதைப் பெட்டி பிஸி டோனைக் கேட்டுத்தான் புரிந்துகொள்கிறது. அதற்குள் எழுதப்பட்டிருப்பது அமெரிக்க டோன்: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து, அரை வினாடி ஒலி, அரை வினாடி மௌனம். இந்திய பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ் ஒன்றுதான், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி மௌனம். துண்டிப்பு டோன் கட்டத்தில் இரண்டு அலைவரிசையையும் 400 ஆக்கி, 500/500 என்பதை 750/750 ஆக்க வேண்டும். அப்படியும் விடவில்லை என்றால் ஓஎன்டி தரும் டோன் வேறாக இருக்கலாம், ஏனென்றால் ஃபைபரில் டோனைச் செய்வது எக்ஸ்சேஞ்ச் அல்ல, உங்கள் வீட்டுப் பெட்டி. அது எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறதோ அந்த டோன். வயர் போனை நேராக ஓஎன்டியில் செருகி, மறுமுனையை வைக்கச் சொல்லி, வரும் டோனைக் கைபேசியில் பதிந்து, ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப்பில் பார்த்தால் அலைவரிசை தெரிந்துவிடும். ஒலி, மௌன நேரத்தை ஆடாசிட்டியில் அளக்கலாம். லைன் மின்னோட்டம் விடுபடுவதைக் கொண்டு துண்டிக்கும் தேர்வும் இருக்கிறது. சில ஓஎன்டிகள் அந்த அறிகுறியைத் தரும், அங்கே டோன் ஆராய்ச்சியே வேண்டாம். முதலில் அதைப் போட்டுப் பார்ப்பது நேரம் மிச்சம்.

எதிரொலி கேட்டால் எஃப்எக்ஸ்ஓ பக்கத்தில் ஏசி டெர்மினேஷனை நாட்டுவாரியாக 'இந்தியா' என்று வைத்து, அதற்கும் அடங்காவிட்டால் தானாகக் கண்டறியும் தேர்வுக்கு மாற்றுங்கள். ஒலி அளவை ஏற்றிச் சரிசெய்யப் பார்த்தால் எதிரொலியும் சேர்ந்து ஏறும்.

டயல் பிளான் (எந்த எண் எத்தனை இலக்கம் என்ற பட்டியல்) ஒன்று எழுதிவைத்தால் கடைசி எண்ணுக்குப் பிறகு நாலைந்து வினாடி காத்திருக்க வேண்டாம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு 0 சேர்க்க வேண்டும், எஸ்டிடிக்கும் 0. இரண்டும் மொத்தம் 11 இலக்கம். எனவே 0-வில் தொடங்கும் 11 இலக்கம், 2 முதல் 7 வரை ஒன்றில் தொடங்கும் 7 இலக்கம், 10-இலும் 11-இலும் தொடங்கும் மூன்று இலக்கம், 1800-இல் தொடங்கும் எதுவும். 112 கட்டாயம் இதற்குள் அடங்க வேண்டும். போன்புக்கில் உள்ளூர் எண்களையும் 0413 சேர்த்தே பதியுங்கள். இண்டர்காம் பெட்டி போட்டவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் கூடுதல்: லைன் எடுக்க 0, கைபேசிக்கு 0, ஆக இரண்டு 0 அமுக்க வேண்டும். பெட்டி அனுமதித்தால் லைன் எடுக்கும் எண்ணை 9 ஆக்கிவிடுங்கள். அங்கே 112-க்கும் முன்னால் 9 வேண்டியிருக்கலாம்; பெரியவர்கள் பயன்படுத்தும் போனில் அதை ஒட்டிவையுங்கள். இண்டர்காமில் அழைப்பை மாற்றும் ஆர் பொத்தானின் நேரம் 600 மில்லிவினாடியில் தொடங்கட்டும். குறைவாக இருந்தால் எதுவும் நடக்காது, அதிகமாக இருந்தால் அழைப்பே துண்டிக்கும். பிரான்சில் வாங்கிய செட்டுகளில் இது குறைத்து வைக்கப்பட்டிருக்கும்.

பேஸில் ஹேண்ட்செட் முறையை 'பேரலல்' ஆக்கினால் எல்லாம் ஒன்றாக அடிக்கும். கணக்குகளுக்கு 'வீடு', 'ஆபீஸ்' என்று பெயர், ஆளுக்கொரு ரிங்டோன். மாடி ஹேண்ட்செட்டுக்கு வெளியே போகும் லைன் 'வீடு', முன்கட்டில் இருப்பதற்கு 'ஆபீஸ்'.

ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (சிப் தகவலை நடுவில் மாற்றும் வசதி) இருந்தால் நிறுத்துங்கள், 5060 போர்ட்டை வெளியே திறக்காதீர்கள். திறந்தால் நள்ளிரவில் 100, 1001 போன்ற எண்களிலிருந்து மணியடிக்கும், எடுத்தால் ஆள் இருக்காது. சிப் கருவிகளைத் தேடி அலையும் நிரல்கள் அவை. சர்வர் முகவரியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும் தேர்வையும் போடுங்கள். இதோடு இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் அழைப்பை இந்த லைன் வாய் வழியே உள்ளூர் எண்களுக்குத் தள்ளும் ஏற்பாடு தொழில்நுட்பப்படி பத்து நிமிட வேலை, சட்டப்படி குற்றம். பாரிஸில் இருக்கும் தம்பி எவ்வளவு கேட்டாலும் செய்யாதீர்கள். கேட்வே வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பேஸ் வைக்கும் இடம்

டெக்ட் கட்டடத்துக்குள் 50 மீட்டர், வெளியில் 300 மீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒன்றரை அடி செங்கல் சுண்ணாம்புச் சுவர் இரண்டைக் கடந்தால் அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே போகிறது. பழைய வீட்டில் சிக்னலுக்கு நல்ல வழி முற்றம்; தாழ்வாரத்தில், முற்றத்தைப் பார்த்தபடி, ஆறடி உயரத்தில் வைத்தால் முன்கட்டும் பின்கட்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. மாடிக்குக் கான்கிரீட் தளம் தடை, ஆனால் முற்றம் வழியாக அங்கேயும் ஏறும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், கண்ணாடி அலமாரி பக்கத்தில் வேண்டாம். வைஃபையோடு சண்டை இல்லை, பட்டை வேறு, பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்ட்லெஸ்தான் வைஃபையைக் கெடுக்கும்.

ஆணி அடிப்பதற்கு முன் பேஸை ஸ்டூலின் மேல் வைத்து, பாட்டு ஓடும் கைபேசிக்கு அடித்து, ஹேண்ட்செட்டோடு வீடு முழுக்க நடந்து பாருங்கள். டெக்ட் மெல்ல மங்காது. நன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஒரு வாசலைத் தாண்டியதும் துண்டுதுண்டாக வெட்டும். அந்த வாசல்தான் எல்லை. மொட்டைமாடிக் கோடி வரை வேண்டும் என்றால் சிக்னலை நீட்டும் டிபி760 ரிப்பீட்டர். ஜிகாசெட் என்றால் ரிப்பீட்டர் வைப்பதற்கு முன் அலைவலிமையைக் குறைக்கும் ஈகோ (Eco) முறையை நிறுத்திப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதுமாக இருக்கும்.

கரண்ட் போனால்

தாமிர லைன் காலத்தில் எக்ஸ்சேஞ்சே மின்சாரம் கொடுத்தது. இப்போது ஓஎன்டி அணைந்தால் லைனே கிடையாது. ஓஎன்டி ஒவ்வொன்றும் சுமார் 10 வாட், எச்டி813 இரண்டும் பேஸும் சுவிட்ச்சும் சேர்ந்து இன்னொரு 10. மொத்தம் 30 வாட் என்று வையுங்கள். '10,000 மில்லிஆம்பியர்-மணி' என்று எழுதிய மினி யுபிஎஸ்ஸில் உண்மையில் இருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 37 வாட்-மணி. இழப்பு போக 31. ஒரு ஓஎன்டிக்கு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே மினி யுபிஎஸ்ஸில் தொங்கவிட்டால் ஒரு மணி நேரம்தான் வரும், பல மாடல்கள் 24 வாட்டுக்கு மேல் தாங்கவும் தாங்காது. இங்கே எல்லாம் வீட்டு இன்வெர்ட்டர் சர்க்யூட்டில். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இன்வெர்ட்டர் தனக்கே தின்னும் 20, 25 வாட்டையும் சேர்த்தால், விசிறி எதுவும் போடாவிட்டால் ஏறக்குறைய ஒரு நாள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த ஊருக்கு ஒரு நாள் போதாது என்பது தெரிந்ததே. இன்வெர்ட்டர் அணைந்த பிறகு ஓஎன்டிக்கு மட்டும் மினி யுபிஎஸ் மாற்றிக் கொடுக்கலாம். அப்போதுதான் வயர் போன் வேலைக்கு வரும்: எச்டி813-க்கு மின்சாரம் இல்லாதபோது உள்ளே ரிலே விழுந்து லைன் வாயும் போன் வாயும் நேராகச் சேர்ந்துவிடும். வீட்டு எண் உள்ள எச்டி813-இல் அந்த வயர் போன் எப்போதும் செருகியே இருக்கட்டும்.

ஹேண்ட்செட் பேட்டரி ஏஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட். பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரண 1.5 வோல்ட் செல்லைப் போட்டுத் தொட்டிலில் வைத்தால் கசிந்து ஹேண்ட்செட்டையே கெடுக்கும். 'சார்ஜ் ஏறலை' என்றால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் தொட்டிலின் இரண்டு தகடுகளையும் பாருங்கள், உப்புக்காற்றில் மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி மங்கும்.

கடலூரில் இதையே போடுபவர்கள் டயல் பிளானில் உள்ளூர் எண்ணை 6 இலக்கம் ஆக்க வேண்டும். எஸ்டிடி கோடு 04142 என்பதால் 0 சேர்த்து அங்கேயும் மொத்தம் 11தான். தாழ்வான தெருக்களில் 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் தெருக்காரர்களுக்குத் தெரியும். ஓஎன்டி, கேட்வே, அவற்றுக்கான பிளக் பாயின்ட் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்கட்டும்.